திருப்பத்தில் கார் முனகுகிறதா? காது கொடுத்துக் கேட்டால் காசும் மிச்சம், உயிரும் மிச்சம்!

மும்பையில் டாக்சி என்றாலே ஒரு காலத்தில் பிரீமியர் பத்மினிதான். குர்லா தொழிற்சாலையில் தயாரான கார் அது. கடைசி பத்மினி டாக்சி 2003-ம் ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி பதிவு செய்யப்பட்டது. டாக்சிகளுக்கு 20 ஆண்டு வயது வரம்பு உண்டு. எனவே 2023-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி முதல் மும்பை வீதிகளில் பத்மினி டாக்சி இல்லை.

கார் போய்விட்டது. அதை ஓட்டிப் பழகிய காது போகவில்லை. சிக்கல் அங்கேதான்.

பத்மினியைத் தள்ளியது பின்சக்கரம். முன்சக்கரங்களுக்குத் திரும்புவது ஒன்றே வேலை. திருப்பத்தில் சத்தம் வந்தால், ஸ்டியரிங் பெட்டி, டை ராட், புஷ் என்று தேடினால் போதும். இப்போது டாக்சியாக ஓடும் சிறிய கார்கள் பலவற்றில் முன்சக்கரங்களே வண்டியை இழுக்கின்றன. அவையே திரும்பவும் செய்கின்றன. இரண்டு வேலை பார்ப்பவனுக்கு இரண்டு மடங்கு நோய் வராதா?

'டக்... டக்... டக்...'

ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து, ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது 'டக் டக்' என்று சத்தம் வருகிறதா? வேகம் கூடினால் சத்தமும் வேகமாகிறதா? அப்படியானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சி.வி. ஜாயின்ட். அமெரிக்க இன்ஜினீயர் ஆல்பிரட் செப்பா 1920-களில் உருவாக்கிய அமைப்பு இது. உள்ளே உருண்டைக் குண்டுகள் இருக்கும். சக்கரம் எவ்வளவு திரும்பினாலும் என்ஜின் சக்தியைச் சீராகக் கொண்டு போய்ச் சேர்ப்பது இவற்றின் வேலை.

இந்த ஜாயின்டை மூடி, கிரீசைக் காப்பது ஒரு ரப்பர் உறை. 'பூட்' என்பார்கள். அது கிழிந்தால் கிரீஸ் வெளியே தெறிக்கும். மண்ணும் நீரும் உள்ளே புகும். மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட் பகுதியில் தண்ணீர் தேங்குவது மும்பைவாசிகளுக்குப் புதிதல்ல. கிழிந்த உறையோடு அந்த நீரில் இறங்கும் வண்டியின் ஜாயின்ட் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

சத்தம் வருவதற்கு முன்பே உறையைப் பார்த்து மாற்றினால் செலவு சிறியது. சத்தம் வந்துவிட்டால் ஜாயின்டையே மாற்ற வேண்டும். சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் தெறித்த கறை இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலே போதும்.

எந்தப் பக்கம்?

ஆள் நடமாட்டம் இல்லாத மைதானத்தில் மெதுவாக ஒரு வட்டம் அடிக்க வேண்டும். முதலில் இடம், பிறகு வலம். இடதுபுறம் திரும்பும்போது 'டக் டக்' வந்தால் பெரும்பாலும் வலது ஜாயின்ட்தான் குற்றவாளி. வலதில் வந்தால் இடது.

சத்தம் பலவிதம்

'ஊம்' என்ற ரீங்காரம் வண்டியின் வேகத்தோடு கூடுகிறதா? மேம்பால வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் பெரிதாகிறதா? அது சக்கர பேரிங். ஜாயின்டை மாற்றினால் பணம்தான் போகும், சத்தம் போகாது.

ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்ததும் முனகலோ கீச்சொலியோ வந்தால், ஆயில் பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் ஆயில் அளவையும் பெல்டையும் பார்க்க வேண்டும். கடைசி எல்லை வரை ஒடித்து அப்படியே பிடித்திருப்பது பம்புக்கு ஆகாது. மின்சார பவர் ஸ்டியரிங்கில் ஆயில் கிடையாது. அந்த வண்டிக்காரரிடம் 'ஆயில் மாற்றினேன்' என்று யாராவது காசு கேட்டால் உஷார்!

நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது 'டொய்ங்' என்று ஸ்பிரிங் துள்ளினால், சஸ்பென்ஷன் மேல்முனை பேரிங் இறுகியிருக்கலாம். 'சர்' என்று உரசினால் டயர் உட்புற மூடியில் படுகிறதா என்று பார்க்க வேண்டும்.

நேர்ச்சாலையில் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால் வீல் பாலன்சிங் போதும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க்கைக் கவனிக்க வேண்டும். வளைவில் மட்டும் நடுங்கினால் ஜாயின்ட், பேரிங், பால் ஜாயின்ட் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

இது விளையாட்டல்ல!

பள்ளத்திலும் திருப்பத்திலும் 'லொட லொட' என்று ஆடுவதும், ஸ்டியரிங்கை அசைத்தாலும் சக்கரம் சற்றுத் தாமதித்தே திரும்புவதும் ஆபத்தின் அறிகுறிகள். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் சாய்ந்துவிடும். டை ராட் முனை கழன்றால் அந்தச் சக்கரம் ஸ்டியரிங்கின் பேச்சைக் கேட்காது. மெக்கானிக் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, பக்கவாட்டில் பிடித்து ஆட்டிப் பார்ப்பது டை ராடுக்காக. மேலும் கீழும் பிடித்து ஆட்டுவது பால் ஜாயின்டுக்கும் பேரிங்குக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் புகக்கூடாது. ஸ்டாண்ட் கட்டாயம்.

தாராவி 90 அடி ரோட்டின் நெரிசலில் இந்தக் கோளாறு தெரியாமல் போகலாம். அமர் மகால் தாண்டி நெடுஞ்சாலையில் வேகம் எடுக்கும்போது நேர்ந்தால் தப்புவது கடினம்.

டாக்சி நின்றால் அன்றைய வருமானம் நின்றுபோகும் என்று பலர் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்கிறார்கள். 'டக் டக்' சில நாள் தவணை தரக்கூடும். 'லொட லொட' தராது. மெக்கானிக்கிடம் போகும்போது 'சத்தம் வருகிறது' என்று மட்டும் சொல்லாமல், எந்தப் பக்கம் திரும்பும்போது, எந்த வேகத்தில், ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதா விடும்போதா என்று மூன்றையும் சொல்லுங்கள். பாதி நோய் அப்போதே பிடிபட்டுவிடும்.