மின்காரின் மறைந்த அமைப்புகள்

மோட்டார்க் காரைப் பழகுதல் என்பது நெடுங்காலமாகக் காதாலும் மூக்காலும் கையாலும் பயின்ற கலையாக இருந்தது. யாழ்ப்பாணத்து வீதிகளில் வாடகைக்கு ஓடியதும் 'ஏ போட்டி' என ஊரவர் வழங்கியதுமான ஒஸ்ரின் காரின் சாரதி, என்ஜினின் ஓசை தடித்தவுடன் கியரை மாற்றினார். எண்ணெய் கருகும் மணம் எழுந்தவுடன் வண்டியை ஓரங்கட்டி மூடியைத் திறந்தார். வண்டியின் இயல்புகள் யாவும் இரும்பிலும் இறப்பரிலும் அமைந்திருந்தமையால், கண்ணும் செவியும் உடையார்க்கு அவை ஒருநாள் புலப்பட்டே தீரும். மின்காரின் நிலை அத்தகையதன்று. அதன் மூடியைத் திறப்பவர்க்கு ஓரிரு பெட்டிகளும் செம்மஞ்சள் நிற வடங்களுமே தோன்றும். அது விரைவதும், வேகந் தணிவதும், மின்னேற்றம் பெறுவதும், சில வண்டிகளிற் கதவு திறப்பதுங்கூட உள்ளிருக்கும் கணனியின் கட்டளைப்படியே நிகழ்கின்றன. அக்கட்டளைகளுட் பலவற்றை வண்டிக்கு உரியவர் மாற்றிக்கொள்ளலாம். மாற்றலாம் என்பதை அறியாதவர்க்கோ, தொழிற்சாலையில் எவரோ ஒருவர் தெரிந்துவைத்த நிலையே வண்டியின் பிறவிக்குணமாகத் தோன்றும்.

மின்சாரத்தால் ஓடும் கார் புதுவதன்று. வீதி வண்டிகளுள் மணிக்கு 100 கிலோமீற்றர் என்னும் எல்லையை முதன்முதற் கடந்தது, 1899 ஆம் ஆண்டிற் பெல்ஜியத்தவரான கமில் ஜெனற்சி என்பார் செலுத்திய மின்வண்டியே. ஆயினும் அவ்வண்டியில் மறைபொருள் ஒன்றும் இருந்ததில்லை. செம்பும் ஈயமும் சக்கரமுமே இருந்தன. மறைபொருள் வந்து சேர்ந்தது கணனியோடு என்க.

புதிய சாரதி முதலில் உணரும் வேறுபாடு, முடுக்கி மிதியிலிருந்து காலை எடுத்தவுடன் வண்டி தானே வேகந் தணிவதாகும். மின்மோட்டாரைச் சக்கரஞ் சுழற்றும்போது அம்மோட்டார் மின்பிறப்பாக்கியாக மாறி, வண்டியின் இயக்கசத்தியை மின்னாக்கிப் பற்றரிக்குத் திருப்பி அனுப்புகின்றது. இது 'மீட்புத் தடுப்பு' எனப்படும். இதன் வன்மையைக் கூட்டவுங் குறைக்கவும் பெரும்பாலான வண்டிகளில் வழியுண்டு. நிசான் லீஃப் வண்டியில் 2017 ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்த இரண்டாம் தலைமுறையிலிருந்து, ஒரே மிதியால் ஓடவும் நிற்கவும் உதவும் 'ஈ-பெடல்' என்னும் ஆளி அமைந்தது. அதனை இட்டபின் காலை முற்றாக எடுத்தால், பிறேக்கைத் தொடாமலே வண்டி நின்றுவிடும். முதல் நாள் தலை முன்சாயும். ஒரு கிழமையில் கால் பழகிவிடும்.

இதனால் மீளும் சத்தி எவ்வளவு? கணக்கிட்டுப் பார்த்தல் தகும். ஆட்களோடு 1600 கிலோகிராம் நிறையுள்ள காரொன்று மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும்போது அதன் இயக்கசத்தி ஏறத்தாழ 222,000 யூல், அஃதாவது 62 வாற்று மணி. அதில் மூன்றில் இரு பங்கு பற்றரியை அடைந்தால் 40 வாற்று மணியளவாகும். சமதரையில் ஒரு கிலோமீற்றருக்கு 150 வாற்று மணி செலவாகுமெனக் கொண்டால், ஒரு முறை நிறுத்தியதால் மீண்ட சத்தி ஏறத்தாழ 270 மீற்றர் தூரத்துக்குப் போதும். ஒரு நிறுத்தத்துக்கு இஃது அற்பமே. சந்திக்குச் சந்தி நின்று செல்லும் நகரத்து ஓட்டத்தில் அற்பமன்று.

மலைவழியில் இதன் பயன் மிகுதி. இதனை அறியாமையின் கேடும் அங்கேயே மிகுதி. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலும், கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலும் உள்ளன. மேற்கூறிய நிறையுடைய கார் இவ்வளவு உயரம் இறங்கும்போது இழக்கும் அழுத்தசத்தி சற்றேறக்குறைய 6 கிலோவாற்று மணியாகும். இது தொடக்கக்கால லீஃப் வண்டியின் 24 கிலோவாற்று மணிப் பற்றரியில் நான்கிலொரு பங்கு. காற்றும் தயரும் ஒரு பகுதியைத் தின்றுவிட, எஞ்சியதைப் பற்றரி ஏற்கலாம். ஆயின் பற்றரி ஏற்க வேண்டுமே! நிரம்பிய குடத்தில் நீர் கொள்ளாதவாறு, மலையுச்சியில் இரவு முழுதும் நூற்றுக்கு நூறு மின்னேற்றிய வண்டியில் மீண்ட மின்னுக்கு இடமில்லை. அந்நிலையிற் பல வண்டிகளின் கணனி மீட்புத் தடுப்பை ஒடுக்கிவிடும்; சுமை முழுதும் உராய்வுப் பிறேக்கின் மேல் விழும். ஏறும்போது கைகொடுத்த தடுப்பு இறங்கும்போது இல்லாமை கண்டு சாரதி திகைப்பர். உச்சியில் உறைவோர் மின்னேற்ற எல்லையை 80 அல்லது 85 சதவீதத்தில் நிறுத்திவைத்தால் இத்தொல்லை இல்லை. லீஃப் வண்டியின் பிற்பட்ட வகைகளிற் கியர்ப்பிடியிலுள்ள 'பி' என்னும் நிலையும் இத்தகைய இறக்கத்துக்கென்றே அமைந்தது.

மின்னேற்ற எல்லை என்னும் இவ்வமைப்பு மலைவழிக்கு மட்டும் உரியதன்று. பற்றரியின் ஆயுளே பெரிதும் அதனைச் சார்ந்தது. இலிதியம் அயன் கலங்கள் நிரம்பிய நிலையில் நெடுநேரம் கிடந்தால், உயர்ந்த மின்னழுத்தத்தால் உள்ளிருக்கும் மின்பகுபொருள் சிறிது சிறிதாகச் சிதைந்து, பயன்படக்கூடிய இலிதியமும் குறைகின்றது. வெப்பம் அச்சிதைவை விரைவுபடுத்தும். ஆதலின் நிக்கல் சேர்ந்த கலங்களை உடைய வண்டிகளை அன்றாடம் 80 சதவீதத்தோடு நிறுத்துதலும், நெடும்பயணத்துக்கு முன்னர் மாத்திரம் முழுதும் ஏற்றுதலும் நன்று. முதற்கால லீஃப் வண்டிகளில் இதற்கெனவே ஓர் அமைப்பு இருந்தது. அதற்கு நேர்ந்த கதி சிந்திக்கத்தக்கது. அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகவராண்மை, வண்டி ஓடக்கூடிய தூரத்தைச் சான்றுபடுத்தும்போது முழு மின்னேற்றத்துக்குரிய 84 மைலையும் 80 சதவீதத்துக்குரிய 66 மைலையும் சராசரியாக்கி, 2013 ஆம் ஆண்டு வகைக்கு 75 மைல் எனக் குறித்தது. 2014 ஆம் ஆண்டு வகையில் அவ்வமைப்பு அமெரிக்காவில் நீக்கப்பட்டது. சான்றிதழில் 84 மைல் என எழுதப்பட்டது. பற்றரி அதே 24 கிலோவாற்று மணிதான். விளம்பரத்தில் ஒன்பது மைல் கூடியது. உரியவர் கையிலிருந்த நல்லதொரு கருவி போயிற்று.

எனினும் 80 என்னும் எண்ணை மந்திரம்போல் எல்லா வண்டிக்கும் ஓதுதல் தவறாகும். அண்மைக்காலத்தில் இரும்புப் பொசுபேற்றுக் கலங்கள் பெருகியுள்ளன. 2020 ஆம் ஆண்டில் வெளிவந்த பீவைடி நிறுவனத்தின் 'பிளேட்' பற்றரி அவ்வினத்தது. இக்கலங்களின் மின்னழுத்தம், பாதி நிரம்பியபோதும் முக்காற்பங்கு நிரம்பியபோதும் ஏறக்குறைய ஒரே அளவாக நிற்கும். கிணற்று நீரின் ஆழத்தைக் கயிறு விட்டு அளக்கலாம். மூடிய பீப்பாவிலுள்ள நீரையோ, ஊற்றிய வாளிகளையும் எடுத்த வாளிகளையும் எண்ணியே அறிதல் வேண்டும். இவ்வாறு எண்ணும் கணனியின் கணக்கு நாளடைவிற் பிழைபடும். முழுதும் நிரம்பும் தறுவாயில் மின்னழுத்தம் சடுதியாக உயர்வதால், அப்பொழுதே கணக்குத் திருத்தம் பெறும். ஆதலின் இவ்வகைக் கலமுடைய தம் வண்டிகளைக் கிழமைக்கொரு முறையேனும் நூறு சதவீதம் ஏற்றுமாறு டெஸ்லா நிறுவனம் அறிவுறுத்துகின்றது. ஒரே திரையில் ஒரே கோட்டை இடமாகவோ வலமாகவோ இழுப்பதே செயல். எவ்வினக் கலம் என்பதை அறியாமல் இழுப்பது எவ்வாறு பொருந்தும்?

இலங்கையருக்கு மின்காரைப் பெருவாரியாக அறிமுகஞ் செய்தவை, 2014, 2015 ஆம் ஆண்டுகளை ஒட்டி யப்பானிலிருந்து வந்திறங்கிய பழைய லீஃப் வண்டிகளேயாம். அவற்றின் நடுத்திரை யப்பானிய மொழியிலேயே பேசிற்று. மின்னேற்ற நேரத்தை அமைக்கும் பக்கம் யாது, குளிரூட்டியை முன்னரே இயக்கும் பக்கம் யாது என்பவற்றைச் சித்திர எழுத்தின் வடிவைக் கொண்டே பலர் மனனஞ் செய்தனர். சொல்லை அறியாது உருவை மட்டும் அறிந்து படித்த இவ்வகைப் 'பாடம்' எந்தப் பாடசாலையிலும் நடந்திராது. பற்பல வசதிகள் வண்டியில் இருந்தும் இல்லாதவைபோற் கிடந்தமைக்கு மொழியே காரணமாயிற்று.

அவ்வண்டிகளில் மொழி வேண்டாத ஒரு செய்தியும் இருந்தது. அதனைக் கவனித்தோரே சிலர். மின்னளவு காட்டும் பெருங்கோடுகளின் அருகே பன்னிரண்டு சிறு கோடுகள் உண்டு. பெருங்கோடுகள் இன்று எவ்வளவு மின் உண்டு என்பதைக் காட்டும். சிறு கோடுகளோ பற்றரி இன்னும் எவ்வளவு கொள்ளும் என்பதைக் காட்டும். முன்னது குடத்து நீர், பின்னது குடத்தின் பருமன். பன்னிரண்டில் ஒன்று மறைந்தால் பன்னிரண்டில் ஒரு பங்கு போயிற்று எனக் கொள்ளுதல் இயல்பு, உண்மை அதுவன்று. முதற் கோடு மறையும்போது கொள்ளளவில் ஏறத்தாழ 15 சதவீதம் குறைந்திருக்கும். அடுத்த கோடுகள் ஒவ்வொன்றும் ஆறு சதவீதத்துக்குச் சற்று மேலாகும். எனவே ஒன்பது கோடுகளோடு நிற்கும் வண்டி நான்கில் மூன்று பங்கு நலமுடையதன்று. ஏறத்தாழ 28 சதவீதத்தை இழந்தது. அப்பழைய லீஃப் வண்டிகளின் பற்றரிக்கு நீர்மக் குளிரூட்டல் இல்லாமையால், வெப்பமிக்க இடங்களில் இவ்விழப்பு விரைவாகும். 2012 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அரிசோனாப் பாலைநிலத்து உரிமையாளர்கள் முறையிட்டமையும், மறுஆண்டில் நிறுவனம் ஒன்பது கோடுகளுக்கு உத்தரவாதம் அளிக்க நேர்ந்தமையும் இதனாலேயே. கடும் பகலில் அடுத்தடுத்து விரைவு மின்னேற்றம் செய்தல் நம்நாட்டு வெயிலுக்கு ஏற்றதன்று என்பதும் இதனாற் பெறப்படும்.

பழைய வண்டி வாங்குவோர்க்கு இங்கு மேலுமோர் எச்சரிக்கை வேண்டப்படும். கணனியின் நினைவை அழித்துப் பன்னிரண்டு கோடுகளையும் மீளத் தோற்றுவிக்கும் வஞ்சகர் உளர். சில காலம் ஓடியபின்னரே கோடுகள் ஒவ்வொன்றாய் மறையும்; அதற்குள் பணம் கைமாறியிருக்கும். சுக்கானின் கீழுள்ள சோதனைத் துளையிற் சிறு கருவியொன்றைச் செருகி, கைப்பேசியில் 'லீஃப் ஸ்பை' என்னும் செயலியாற் பார்த்தால் கலங்களின் மின்னழுத்தங்களைத் தனித்தனியே காணலாம். கோட்டை மட்டும் பார்த்து விலை பேசுதல், புத்தகத்தின் அட்டையைப் பார்த்துப் புள்ளி இடுதல் போன்றது.

நேரங் குறித்து மின்னேற்றும் அமைப்பைப் பற்றிச் சில சொற்களே போதும். நேரவாரிக் கட்டணத்தைத் தெரிந்துகொண்ட வீட்டார்க்கு இரவு 10.30 முதல் காலை 5.30 வரை அலகு மலிவு. ஏழு மணி நேரம் 3 கிலோவாற்று வலுவில் ஏற்றினால் 21 கிலோவாற்று மணி சேரும். வண்டியை மாலையிற் செருகிவிட்டு உறங்கலாம். விழித்திருந்து ஆளியைப் போட வேண்டுவதில்லை.

மறைந்த அமைப்புகளுள் விளையாட்டானவையும் உண்டு. டெஸ்லா மொடல் எஸ் வண்டியின் திரையில் 007 என எழுதினால், பழைய ஜேம்ஸ் பொண்ட் திரைப்படத்தில் நீர்மூழ்கியாக மாறிய காரின் உருவம் தோன்றும். இதனாற் பயன் யாதென வினவுதல் வேண்டா. ஆனால் அதே நிறுவனத்தின் வரலாற்றில் இரு நிகழ்ச்சிகள் விளையாட்டல்ல. 2018 ஆம் ஆண்டில் 'கன்சியூமர் றிப்போர்ட்ஸ்' என்னும் அமெரிக்க இதழ் மொடல் 3 வண்டியைச் சோதித்தபோது, மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து நிற்க 152 அடி சென்றது. சில நாட்களுள் நிறுவனம் தொலைவிலிருந்தே புதிய கட்டளைகளை அனுப்பியது. மறுசோதனையில் வண்டி 133 அடியில் நின்றது. ஓர் ஆணியும் மாற்றப்படவில்லை. மற்றையது, 2017 ஆம் ஆண்டு செப்ரெம்பரில் இர்மாப் புயல் புளோரிடாவைத் தாக்கியபோது நிகழ்ந்தது. 60 கிலோவாற்று மணி எனக் குறைந்த விலைக்கு விற்கப்பட்ட சில வண்டிகளில் உண்மையில் 75 கிலோவாற்று மணிப் பற்றரியே இருந்தது. எஞ்சியதைக் கட்டளையொன்று பூட்டிவைத்திருந்தது. புயலுக்கு அஞ்சி ஓடுவோர்க்கு நிறுவனம் அப்பூட்டைச் சில நாட்களுக்குத் திறந்துவிட்டது. உதவி உதவியே, அதனைப் பழித்தல் கூடாது. ஆயினும் தம் முற்றத்தில் நின்ற வண்டிக்குள் முப்பது மைலுக்கு மேற்பட்ட தூரம் இத்தனை நாளும் பூட்டிக் கிடந்தமையை அவர்களுட் பலர் அன்றே அறிந்திருப்பர்.

இறுதியாக, பெரிய பற்றரியோடு ஒவ்வொரு மின்காரிலும் ஒரு சிறிய பற்றரியும் உண்டு. பூட்டுகளும் விளக்குகளும் கணனியும் விழிப்பது அதனால். அது இறந்தால், பெரிய பற்றரி நிரம்பியிருந்தும் வண்டி அசையாது. கதவை மின்னாற் பூட்டித் திறக்கும் வண்டிகளிற் கேடு இன்னும் பெரிது. 2021 ஆம் ஆண்டு மொடல் வை வண்டிகளில், சிறு பற்றரியின் மின்னழுத்தம் தாழ்ந்தபோது வெளியிலிருந்து கதவு திறவாமற் போனமை பற்றி, அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிருவாகம் 2025 செப்ரெம்பரில் விசாரணை தொடங்கியது. ஒன்பது முறைப்பாடுகளுள் நான்கில், உள்ளே இருந்தோரை மீட்கக் கண்ணாடியை உடைக்க நேர்ந்தது. உள்ளிருந்து கையால் இழுத்துத் திறக்கும் பிடி அவ்வண்டியின் முன்கதவில் யன்னல் ஆளிகளின் முன்னே உண்டு. பின்கதவிலோ, கதவுப்பையின் அடிவிரிப்பை எடுத்து, அதன் கீழுள்ள மூடியைக் கழற்றி, உள்ளிருக்கும் கம்பியை இழுத்தல் வேண்டும். இருளிலும் பதற்றத்திலும் முதன்முறையாகத் தேடுவார்க்கு இது கைகூடுமா? குழந்தைகளோடு பயணஞ் செய்வோர், வண்டி வீடு வந்த அன்றே பகல் வெளிச்சத்தில் அப்பிடி எங்குளது எனத் தேடிக் கண்டு, வளர்ந்த பிள்ளைகளுக்கும் காட்டிவைத்தல் வேண்டும். சில வண்டிகளிற் பின்கதவுக்கு அத்தகைய பிடி அறவே இல்லை. அவற்றிற் பின்னிருப்போர் முன்னிருக்கையைத் தாண்டியே வெளிவரல் வேண்டும்.