அரங்கேறுமுன் ஓர் அடுக்கு

மட்டக்களப்புத் தமிழகத்திற் கூத்தொன்று களரியேறுவதற்கு முன் பல படிகளைக் கடந்தாக வேண்டும். அண்ணாவியார் ஆடுவோரைத் தெரிந்து, அவரவர்க்குரிய பாட்டையும் வசனத்தையும் பிரித்தெழுதிக் கொடுப்பது சட்டங் கொடுத்தல். அதன் பின்னர் வாரந்தோறும் நடைபெறும் பயிற்சி கிழமைக் கூத்து. ஆட்டம் காலிற் படிந்ததும் சதங்கை அணிவிப்பர். அதற்கும் பிறகு, முழுக் கூத்தையும் தொடக்கமுதல் இறுதிவரை ஒரே தொடராக ஆடிப் பார்ப்பர். இதற்கு அடுக்குப் பார்த்தல் என்று பெயர். இத்தனையும் முடிந்த பின்னரே அரங்கேற்றம்.

இந்தப் படிகளில் ஊராருக்குரிய இடம் யாது என்பதை நாம் அத்துணை கவனித்ததில்லை. ஆடுவோர் வயலையும் கடலையும் தொழிலாகக் கொண்டவர்கள். கூத்து அவர்களுக்கு ஊதியம் தருவதன்று. பயிற்சி நடைபெறும் இடத்தைச் சுற்றி அயலவர் வந்து குந்தியிருப்பர். அவர்களுள் அதே கூத்தை இளமையில் ஆடிய முதியவரும் இருப்பர். தாளம் பிசகினால் அவர் முகம் சுளிக்கும். தருவை மறந்தால் எடுத்துக் கொடுப்பார். ஆகவே அரங்கேற்றத்திற் கூத்தைக் காணும் ஊர், முன்பே அதைத் திருத்தித் தந்த ஊராகவும் இருக்கும். முஸ்லிம் ஊர்களிற் பொல்லடி பழக்கும் அண்ணாவியாரும் இத்தகைய சூழலிலேதான் தம் குழுவைப் பழக்குகிறார்.

பொழுதுபோக்காகக் கணினி விளையாட்டு இயற்றும் இளைஞர்க்கென இணையத்திற் புதியதொரு தளம் அமைக்க விரும்புவோர் இன்று பலர். அத்தகைய தளத்தைப் பற்றிப் பயன்படுத்துவோரின் கருத்தை எங்ஙனம் திரட்டுவது என்று ஆராயுமிடத்து, நமது கூத்துக் களரியே சிறந்த வழிகாட்டி என்பது என் துணிபு. கூத்தையும் கணினியையும் ஒருங்கே வைத்துப் பேசுவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். ஆனால் இரண்டிலும் ஊதியம் கருதாதவர்களே படைப்போர். இரண்டிலும் பிறர் முன்னிலையில் ஆடிப் பார்த்தாலன்றிக் குறை தெரியாது.

கல்முனையிலிருந்து காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று, தம்பிலுவில் எனத் தெற்கே இறங்கித் திருக்கோவிலையும் அதற்கப்பாற் பொத்துவிலையும் அடையும் கடற்கரை நெடுகிலும், கைத்தொலைபேசியில் விளையாடும் சிறுவரைக் காண்பது எளிது. விளையாட்டை இயற்றும் சிறுவரைக் காண்பதுதான் அரிது. கருவி இல்லாமையால் அன்று. மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவனம் 2007இல் வெளியிட்ட ‘ஸ்க்ராட்ச்’, கட்டளைகளை வண்ணக் கட்டைகளாக அடுக்கி விளையாட்டுச் செய்யும் வழியைச் சிறுவர்க்கும் திறந்துவிட்டது. ஆர்ஜென்டீனாவில் உருவாகி 2014இல் மூலநிரலோடு உலகுக்கு வழங்கப்பட்ட ‘கோடோ’ என்னும் கருவிக்கும் ஒரு சதமேனும் கொடுக்க வேண்டியதில்லை. குறைவாயிருப்பது களரி, இயற்றியதைக் கொண்டுபோய் வைத்து, “இதை ஒருக்கால் ஆடிப் பாருங்கள்” என்று கேட்பதற்கான இடம்.

உலகில் இத்தகைய இடங்கள் இல்லாமலில்லை. டேவிட் ஆல் என்பவர் 1973இல் தொகுத்த ‘101 பேசிக் கணினி விளையாட்டுகள்’ என்னும் நூல், பலரும் எழுதியனுப்பிய நிரல்களால் ஆனது. அக்காலத்தில் அந்நூலே ஒரு களரி. 2002இல் தொடங்கிய ‘லூடம் டேர்’ என்னும் போட்டியில் 48 மணி நேரத்துள் ஒருவர் தனித்து ஒரு விளையாட்டை இயற்றி முடிக்க வேண்டும். பரிசுப் பணம் கிடையாது. இயற்றியோரே ஒருவர் படைப்பை மற்றவர் ஆடி மதிப்பிடுவர். பிறர் படைப்பை ஆடிக் கருத்துரைப்பவனுடைய படைப்பே பிறர் கண்ணிற் படும்படி முன்வைக்கப்படும். கருத்தைப் பெற விரும்புபவன் முதலிற் கருத்தைக் கொடுக்கட்டும் என்னும் இந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். நமது ஊர்களில் வயல் வேலைக்குக் கைமாற்றாக ஆள் போவதுண்டே, அது போன்றது இது.

ஒரு தளத்தைத் தொடங்குமுன்பே அதன் குடிகளைக் கலந்துகொண்ட முறைக்கும் சான்று உண்டு. ‘ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச்’ நிறுவனம் 2010இல் ‘ஏரியா 51’ என்றொரு முன்மண்டபத்தை அமைத்தது. புதிய தளம் வேண்டுவோர் அங்கே வந்து, அத்தளத்தில் எத்தகைய வினாக்கள் கேட்கப்படும் என மாதிரி வினாக்களை எழுதுவர். எது பொருந்தும், எது பொருந்தாது எனப் பிறர் வாக்களிப்பர். அடுத்த படியில், தளம் திறந்தால் வந்து உழைப்பதாகப் பலர் கையொப்பமிட வேண்டும். போதிய கையொப்பம் சேர்ந்தாலன்றித் தளம் திறவாது. திறந்ததும் முதலிற் சிலருக்கு மட்டுமே. விளையாட்டு இயற்றுவோர்க்கான வினாவிடைத் தளமும் அவ்வாண்டிலேயே இவ்வழியாற் பிறந்தது. “தளம் வேண்டுமா?” என்று கேட்டால் எவரும் வேண்டும் என்பர். “அங்கே நீ கேட்கப்போகும் வினாவை இப்போதே எழுது” என்றால் வெறும் ஆர்வலர் விலகிப்போவர், எழுதுபவன் எஞ்சுவான். இந்த நுட்பம் நம்மவர் கைக்கொள்ளத் தக்கது.

வாக்கெடுப்பையே கருத்தறிதலாகக் கொண்டு இடர்ப்பட்டோரும் உளர். ‘ஸ்டீம்’ என்னும் பெரும் விற்பனைத் தளம் 2012இல் ‘கிரீன்லைட்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, எந்த விளையாட்டை விற்பனைக்கு ஏற்பது என்பதைப் பொதுமக்கள் வாக்குக்கு விட்டது. வாக்குக்குக் கைமாறாக விளையாட்டை இலவசமாகத் தருவதாகச் சிலர் ஆசைகாட்டினர். படைப்பைத் திருத்தத் துணைசெய்ய வேண்டிய அவை வாக்குச் சந்தையாகியது. 2017இல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

கேளாமலே முடிவெடுத்தோர் கதை இன்னும் கசப்பானது. ‘யூனிட்டி’ என்பது உலகெங்கும் விளையாட்டு இயற்றுவோர் கையாளும் பெருங்கருவி. 2023 செப்டெம்பர் 12ஆம் நாள் அந்நிறுவனம், குறித்த எல்லையைத் தாண்டிய விளையாட்டுகள் ஒவ்வொரு முறை புதிதாக நிறுவப்படுந்தோறும் கட்டணம் அறவிடப்படும் என அறிவித்தது. பொழுதுபோக்காக இயற்றுவோருள் மிகப் பெரும்பாலோர் அந்த எல்லையை எட்டவே மாட்டார்கள். ஆயினும் அவர்களும் கொதித்தெழுந்தனர். தாம் ஆண்டுக்கணக்காகக் கற்ற கருவியின் விதி, தம்மை ஒரு சொல்லுங் கேளாமல் ஓர் இரவில் மாறக்கூடும் என்பதே அவர்களைச் சுட்டது. பத்து நாளில் விதி திருத்தப்பட்டது. அடுத்த மாதம் தலைமை அதிகாரி விலகினார். 2024 செப்டெம்பரில் அக்கட்டணமே கைவிடப்பட்டது. அதற்குள் வேறு கருவிகளை நாடிச் சென்றவர் பலர்.

இனி, கேட்கும் முறைக்கு வருவோம். கருத்தறிதலைப் ‘பின்னூட்டம்’ என்று இன்று வழங்குகிறோம். மின்சுற்றில் வெளியேறுவதன் ஒரு பகுதி மீண்டும் உட்செலுத்தப்படுவதைக் குறித்த சொல்லின் தமிழாக்கம் அது. சுற்றிலே மின்சாரம் தானாகத் திரும்பி வரும். மனிதர் கருத்து அப்படி வராது. நம்மவர் மரியாதைக்குப் பேர்போனவர்கள். இளைஞன் ஒருவன் தான் இயற்றியதைக் காட்டினால், “நல்லா இரிக்கு மகன்” என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியைத் திருப்பிக் கொடுப்பார்கள். அச்சொல்லில் அன்பு உண்டு; அதைக் கொண்டு ஒன்றையும் திருத்த முடியாது. புதிய தளத்தைக் காட்டினாலும் இதே விடைதான் கிடைக்கும்.

இதற்கு மாற்று, வாயைக் கேளாது கையைப் பார்ப்பது. அமெரிக்காவின் ‘வால்வ்’ நிறுவனம் 1998இல் வெளியிட்ட ‘ஹாஃப் லைஃப்’ என்னும் விளையாட்டை இயற்றுங்கால், வெளியார் ஒருவரை அழைத்து இரண்டு மணி நேரம் ஆடவிடுவர். இயற்றியோர் அவர் பின்னால் அமர்ந்து குறிப்பெடுக்கலாம். வாய் திறத்தல் ஆகாது. ஆடுபவர் கதவைக் காணாமற் சுவரை முட்டிக்கொண்டிருந்தாலும் “அந்தப் பக்கம் போங்கள்” என்று சொல்ல அனுமதியில்லை. ஓர் அமர்வில் ஏறத்தாழ 100 திருத்தங்கள் தேறினவாம். இத்தகைய அமர்வுகள் 200க்கு மேல் நடந்தன. பெருநிறுவனத்தின் செயலாயினும் இதற்குப் பணம் பெரிதாக வேண்டியதில்லை; ஒரு வாங்கும், ஒரு கொப்பியும், வாயை அடக்கும் பொறுமையும் போதும். பொறுமைதான் அரிது. தான் இயற்றியதைப் பிறர் தவறாக ஆடக் காணும்போது விளக்கஞ் சொல்லத் துடியாத படைப்பாளி உண்டோ?

புதிய தளத்தையும் இவ்வாறே ஆடவிட்டுப் பார்க்க வேண்டும். திருக்கோவிலிலுள்ள மாணவி ஒருத்தியிடம் தொலைபேசியைக் கொடுத்து, “நீ செய்த விளையாட்டை இதில் ஏற்று” என்று மட்டும் சொல்லிவிட்டு மௌனமாக இருக்கட்டும். பெயர் பதியும் இடத்தில் மின்னஞ்சல் முகவரி கேட்டதும் அவள் விரல் நின்றால், அதுவே கருத்து. ஆங்கிலத்தில் வந்த எச்சரிக்கையை வாசிக்காமலே ‘ஆம்’ என்று அழுத்தினால், அதுவும் கருத்து. கோப்பின் பருமனால் அவளது தரவுப் பொதி பாதியிலே தீர்ந்துபோனால் அதைவிடப் பெரிய கருத்து வேறில்லை. இவற்றுள் எதையும் அவள் படிவத்தில் எழுதமாட்டாள். தனக்குத்தான் தெரியவில்லை என எண்ணிக்கொண்டு பேசாமற் போய்விடுவாள்.

படிவத்தை நம்புவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். தளத்துக்குள்ளே வைக்கப்பட்ட படிவத்தை நிரப்புபவன், தளத்துக்குள் வந்து நிலைத்தவன். வாசலிலே திரும்பிப் போனவனிடம் அப்படிவம் போய்ச் சேராது. ஆங்கிலத்திற் கேட்டால் ஆங்கிலம் எழுத வல்லவர் மட்டுமே விடையிறுப்பர். அவ்விடைகளைக் கூட்டிப் பார்த்துத் தமிழ் தேவையில்லை என்று முடிவு கட்டுவது எளிதிலும் எளிது. தமிழிற் கேட்பினும் விசைப்பலகையில் தமிழெழுதத் தயங்குவோர் பலர். அவர்கள் பேசிப் பதிந்து அனுப்ப வழி வைத்தல் நன்று. அக்கரைப்பற்றுப் பிள்ளை தன் ஊர்ப் பேச்சிற் சொல்லும் குறையும், தம்பிலுவிற் பிள்ளை தன் பேச்சிற் சொல்லும் குறையும் அந்தந்த ஓசையோடு வந்து சேரட்டும். இலக்கணத் தமிழில் எழுதினாற்றான் ஏற்போம் எனில் பாதிப் பேர் வாய் திறவார். நூலகங்களிலும் பாடசாலைக் கணினி அறைகளிலும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்து மாணவரிடையேயும் நேரிற் சென்று கேட்பதும் இன்றியமையாதது.

யாரைக் கேட்பது என்பதில் இன்னுமொரு சிக்கல் உண்டு. கனடாவிற் குடியேறிய தமிழ்க் குடும்பமொன்றின் அடுக்களையைக் களமாகக் கொண்டு, டொரன்டோவின் ‘விசை’ என்னும் சிறு குழு இயற்றிய ‘வெண்பா’ என்ற விளையாட்டு 2023இல் வெளிவந்தது. 2024இல் பிரித்தானிய பாஃப்டா விருதுகளுள் அறிமுகப் படைப்புக்கானதைப் பெற்றது. சிதைந்துபோன சமையற் குறிப்பின் விடுபட்ட வரிகளை ஊகித்துச் சமைப்பதே அதில் ஆட்டம். நம் வீட்டு இட்டலியும் உலகோர் ஆடும் விளையாட்டாகலாம் என்பது தெளிவாயிற்று. நாளை இக்கரையில் ஒருவன் கொம்பு விளையாட்டைத் திரைக்குக் கொணர முயல்வான் எனக் கொள்வோம். கண்ணகை அம்மன் வழிபாட்டோடு இணைந்த ஆட்டம் அது. ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரியும்; வளைந்த வைரக் கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பூட்டி, ஒன்று முறியும்வரை இரு பக்கமும் இழுக்கும். வென்ற சேரி தோற்ற சேரியை எள்ளிப் பாடும்.

இதனை உலகத் தளமொன்றில் இட்டால், பொத்தான் விரைவாக இயங்குகிறதா, நிறம் கண்ணைக் கவர்கிறதா என்று சொல்ல ஆயிரம் பேர் வருவர். கொம்பைக் கொளுவிய முறை சரிதானா, எள்ளற் பாட்டு எவ்விடத்தில் எழ வேண்டும், வழிபாட்டுக்குரியதை விளையாட்டாக்கும்போது எதைத் தொடலாகாது என்று சொல்ல அவர்களுள் ஒருவருக்கும் இயலாது. சொல்லத்தக்கவர் வடம் பிடித்த கைகளையுடைய முதியவர்கள். அவர்கள் தளத்தின் உறுப்பினராகப் போவதில்லை. கடவுச்சொல் வைத்துக்கொள்ளப் போவதுமில்லை. ஆகையால் இக்கரைக்கென அமையும் தளம், உறுப்பினரல்லாத ஒருவர் பேரனின் தொலைபேசியில் ஆடிப் பார்த்து, தம் குரலிலே ஒரு குறையைப் பதிந்துவிட்டுப் போக வழிசெய்ய வேண்டும். தளம் அமைப்போர் இன்றுவரை எண்ணிப் பாராத தேவை இது என்று நினைக்கிறேன்.

கேட்டபின் செய்ய வேண்டியதொன்று எஞ்சியிருக்கிறது. கேட்டவற்றுள் எவற்றைத் திருத்தினோம், எவற்றைத் திருத்தவில்லை, ஏன் என்பதை அதே மக்கள் காணும்படி எழுதி வைத்தல். திருத்தாதவற்றின் காரணத்தைச் சொல்லப் பலர் கூசுவர். உண்மையில் அதுதான் பெரிதும் வாசிக்கப்படும் பகுதி. அண்ணாவியாரும் ஊரார் சொன்ன எல்லாவற்றையும் ஏற்பதில்லை. “அது வடமோடிக்குச் சரி, இது தென்மோடி” என்று மறுத்துவிடுவார். சொன்னவர் அதற்காகக் கோபித்து எழுந்து போவதில்லை. அடுத்த கிழமைக் கூத்துக்கும் வந்து அதே இடத்தில் அமர்வார்.