200 யூனிட்டும் 90 கிலோ கரியமில வாயுவும்

கர்நாடகத்தில் 2023 ஆகஸ்ட் முதல் கிருஹ ஜோதி திட்டத்தில் வீடுகளுக்கு மாதம் 200 யூனிட் வரை மின்கட்டணம் இல்லை. அல்சூருக்குப் பக்கத்தில், தமிழ் புழங்கும் மர்பி டவுனில் ஒரு குடும்பம் அந்த 200 யூனிட்டையும் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மின்சாரம் பழைய நிலக்கரி நிலையத்திலிருந்து வந்தால் மாதம் ஏறக்குறைய 200 கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கும். அதே மின்சாரத்தை, எரிவாயுவிலிருந்து பிரித்த ஹைட்ரஜனை எரித்து எடுத்து, பிரிக்கும்போது வரும் கரியமில வாயுவைப் பிடித்துப் பூமிக்குள் புதைத்தால் என்ன ஆகும்? இப்படி எடுக்கும் ஹைட்ரஜனுக்கு நீல ஹைட்ரஜன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கை ஒரே ஒரு வீட்டுக்குப் போட்டுப் பார்க்கலாம்.

1 கிலோ ஹைட்ரஜனில் 33.3 யூனிட் ஆற்றல் இருக்கிறது. நல்ல எரிவாயு டர்பைன் நிலையம் அதில் 55 சதவீதத்தை மின்சாரமாக்கும். அதாவது கிலோவுக்கு 18 யூனிட் சொச்சம். 200 யூனிட்டுக்கு 11 கிலோ ஹைட்ரஜன் வேண்டும்.

அந்த 11 கிலோவை எடுக்க, உலைக்கு எரிப்பதையும் சேர்த்து, சுமார் 37 கிலோ இயற்கை எரிவாயு போகும். எடையில் சொன்னால் வீட்டு சமையல் சிலிண்டர் இரண்டரைக்கும் மேல். ஹைட்ரஜன் வழியே போகாமல் எரிவாயுவை நேராக எரித்திருந்தால் 27 கிலோவே போதும். வேதிவினைக்கு மட்டும் 50 லிட்டர் தண்ணீர், அதாவது இரண்டரை கேன்.

கரியமில வாயு மொத்தம் 100 கிலோ வரும். இந்த 100 இரண்டு வழியாக வருகிறது என்பதுதான் இந்தத் தொழிலின் நெளிவுசுளிவு. மீத்தேனும் நீராவியும் வினைபுரியும் குழாயிலிருந்து 60 கிலோ வருகிறது. அது செறிவாக, அழுத்தத்தோடு வருவதால் பிடிப்பது எளிது. மீதி 40 கிலோ, அந்தக் குழாயைச் சூடாக்கும் உலையின் புகையில் நைட்ரஜனோடு கலந்து போகிறது. அதைப் பிடிக்கத் தனி ஆலையே வேண்டும். எளிதானதை மட்டும் பிடித்துவிட்டு நிறுத்தினால் யூனிட்டுக்கு 200 கிராம் வெளியேறும். இரண்டிலும் சேர்த்து 90 கிலோ பிடித்தால் 50 கிராம். ஒரு நிறுவனம் "கார்பனைப் பிடிக்கிறோம்" என்றால், எந்தப் புகைபோக்கியில் என்று கேளுங்கள்.

கிணற்றிலிருந்து ஆலை வரைக்கும் கசியும் மீத்தேனையும் சேர்க்க வேண்டும். 2 சதவீதம் கசிவதாக வைத்தால் 740 கிராம். நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப் போல் 28 மடங்கு சூடேற்றும்; ஆக 21 கிலோவுக்குச் சமம். இருபதாண்டுக் கணக்கில் பார்த்தால் 80 மடங்கைத் தாண்டும், 60 கிலோ. பிடிக்காமல் விட்ட 10 கிலோவை விடக் கசிவின் சுமை பெரியது. நிலக்கரியின் 200 கிலோவோடு ஒப்பிட்டால் இது குறைவுதான். ஆனால் "கார்பன் இல்லாத மின்சாரம்" என்று இதைச் சொல்ல முடியாது.

பணம்? இறக்குமதி எரிவாயு பத்து லட்சம் பிரிட்டிஷ் வெப்ப அலகுக்கு 10 டாலர், டாலர் 85 ரூபாய் என்று வைத்தால், எரிவாயுச் செலவு மட்டும் யூனிட்டுக்கு 7 ரூபாய்க்கு மேல். பிடித்துப் புதைக்க டன்னுக்கு 60 டாலர் என்றால் இன்னும் 2 ரூபாய் 30 காசு. ஆலை கட்டும் முதல் இதில் சேரவில்லை. அண்மை ஆண்டுகளின் ஏலங்களில் சூரிய மின்சாரம் இரண்டரை ரூபாயை ஒட்டி விலைபோகிறது. பகலில் இந்தப் போட்டியில் ஹைட்ரஜனுக்கு இடமே இல்லை.

ஒரு வீட்டை விட்டு நகரத்துக்கு வருவோம். பெங்களூரின் வடக்கே எலகங்காவில் 370 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. மகாராஷ்டிரத்தின் தாபோலிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் நீளும் குழாய்வழி பெங்களூருக்கு எரிவாயு கொண்டுவருகிறது. அவ்வளவு பெரிய நிலையம் நாள் முழுக்க ஹைட்ரஜனில் ஓடினால் தினம் 485 டன் ஹைட்ரஜன் வேண்டும். புதைக்க வேண்டியது தினம் 4,000 டன், ஆண்டுக்கு 14.6 லட்சம் டன். நார்வேயின் ஸ்லெய்ப்னர் களத்தில் 1996 முதல் கடலடி மணற்கல்லில் செலுத்துவது ஆண்டுக்கு அதிகபட்சம் 10 லட்சம் டன் அளவுதான்.

நம் பக்கத்து அனுபவமும் உண்டு. தூத்துக்குடி அல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில் 2016இல் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரிக்கும் அமைப்பு வந்தது. திட்டமிட்ட அளவு ஆண்டுக்கு 60,000 டன். உலகமே திரும்பிப் பார்த்த வேலை அது. எலகங்காக் கணக்கில் அந்த ஓராண்டு அளவு 15 நாளைக்குத்தான் வரும். மேலும் தூத்துக்குடியில் பிடித்தது சோடா உப்பாகிறது. அந்த உப்பு கண்ணாடி உலைக்குப் போனால் வாயு மறுபடி வெளியே வந்துவிடும். அது பயன்பாடு, புதைப்பு அல்ல.

புதைக்க நுண்துளை உள்ள படிவுப் பாறையும் அதன் மேல் மூடியாக இறுகிய பாறையும் வேண்டும். பெங்களூரின் அடியில் இருப்பது லால்பாக் குன்றில் வெளியே தெரிகிற அதே பாறை. 300 கோடி ஆண்டு பழைய நைஸ். அதில் வாயுவைச் செலுத்த வழியில்லை. தென்கிழக்கே கிட்டும் படிவுப் பாறை காவிரிப் படுகை. நாகப்பட்டினம் நேர்கோட்டில் 350 கிலோமீட்டர்.

இந்த இடத்தில் எனக்குக் கணக்கு தடுமாறுகிறது. 1905இல் பெங்களூரில் மின்விளக்கு எரிந்தது காவிரியின் சிவசமுத்திரத்து மின்சாரத்தில். இன்று குடிக்கும் தண்ணீரும் காவிரிதான். இனி நம் விளக்கின் கழிவையும் அந்த ஆற்றின் கடைமடைக்கு அனுப்பலாமா? அந்தப் பக்கத்து நெடுவாசலில் 2017இல் ஹைட்ரோகார்பன் கிணறுகளை எதிர்த்து மக்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி 2020இல் தமிழ்நாடு சட்டமே போட்டிருக்கிறது. நிலத்தடியில் துளை போடுவது என்றால் அங்கே என்ன பொருள் என்று நாம் அறிவோம்.

புதைக்கும் தேவையையே குறைக்கலாம். இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் தசப்பாவின் குழு 1 கிலோ உயிர்த்திரளிலிருந்து 100 கிராம் ஹைட்ரஜன் எடுக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. நம் வீட்டின் 11 கிலோவுக்கு 110 கிலோ விவசாயக் கழிவு. அந்தக் கார்பன் செடி காற்றிலிருந்து எடுத்தது. தண்ணீரை மின்சாரத்தால் பிரிப்பதென்றால் கிலோவுக்கு 50 யூனிட்டுக்கு மேல் போகும். 200 யூனிட்டைத் திரும்பப் பெற 550க்கும் மேல் செலவழிக்க வேண்டும்.

எலகங்கா அளவு நிலையத்தைச் சூரியன் சாய்ந்த பின் 4 மணி நேரம் மட்டும் ஓட்டினால், புதைக்க வேண்டியது ஆண்டுக்கு 2.4 லட்சம் டன்னாக இறங்குகிறது. தூத்துக்குடி அளவில் நான்கு. அந்த 2.4 லட்சத்துக்கும் ஒரு முகவரி வேண்டும். அது டெல்டாவில் என்றால், குழாய்க்கு விலை கேட்கும் முன் அந்த ஊர்களின் கிராமசபைகளைக் கேட்டாக வேண்டும்.