எஞ்சின் ஓடினால் தேயுமா?

மே மாத விடுமுறை நெருங்கினாலே நம் சங்க அன்பர்கள் என்னிடம் கேட்பது இதுதான்: "சார், மும்பையிலிருந்து திருநெல்வேலி வரை நூறு கிலோமீட்டர் வேகத்திலேயே போனால் எஞ்சின் தாங்குமா?" ரயிலில் இடம் கிடைக்காமல் காரை எடுக்கிறவர்கள் பலர். பெரியவர்களும் குழந்தைகளும் உடன் வரும்போது, வழியில் நின்றுவிடுமோ என்ற பயம் நியாயமானதே.

டீசல் லோகோ ஷெட்டில் காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தாராளமாகத் தாங்கும். வாரணாசியில் 1964 முதல் தயாரான டபிள்யூ.டி.எம்.-2 லோகோவுக்கு 16 சிலிண்டர், 2600 குதிரைசக்தி. எட்டாவது நாட்சில் நிமிடத்துக்கு 1000 சுற்று. "அவ்வளவுதானா? என் கார் மூவாயிரம் சுற்றுகிறதே!" என்பீர்கள். பிஸ்டன் எவ்வளவு தூரம் ஏறி இறங்குகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். லோகோவில் அது பத்தரை அங்குலம். சாதாரணக் காரில் சுமார் மூன்று அங்குலம். கணக்குப் போட்டால் லோகோ பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 9 மீட்டர். 3000 சுற்றில் உங்கள் காருக்கு 8 மீட்டர்கூட வராது. அந்த லோகோ அப்படியே மணிக்கணக்காகப் பாரம் இழுக்கும்.

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, மார்க்கெட் வரை போய் அணைப்பதில்தான் தேய்மானம் அதிகம். நெடுஞ்சாலையில் கவனிக்கவேண்டியது சூட்டை. 100-லிருந்து 120-க்கு ஏற்றினால், காற்றைத் தள்ள மட்டும் சுமார் 73 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். அதனால் கூடும் சூட்டை ரேடியேட்டர் தண்ணீரும் ஆயிலும்தான் வாங்கிக்கொள்ளவேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் ஆபத்து.

ஷெட்டில் ஆயில் மாதிரியை லேபுக்கு அனுப்புவோம். இரும்பு கூடினால் லைனர், ரிங் தேய்கிறது. செம்பும் ஈயமும் கூடினால் பேரிங். சிலிக்கான் என்றால் ஃபில்டரைத் தாண்டித் தூசி நுழைகிறது. நம் காருக்கு ஏது லேப்? டிப்ஸ்டிக் உண்டு. தினமும் காலையில் கிளம்புமுன் அதை உருவிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. (டயர் காற்றையும் பார்த்துவிடுங்கள், வழியில் காலை வாருவது பெரும்பாலும் அதுதான்.)

இன்னொன்று, டர்போ. லோகோ எஞ்சினை நிறுத்திய பிறகும் டர்போ விசிலடித்துக்கொண்டு சுற்றும். ஆயில் பம்போ எஞ்சினோடு நின்றுவிடும். ஆகவே பாரம் இழுத்து வந்த சூட்டோடு நிறுத்தவிடமாட்டோம். இன்றைய டீசல் கார்களிலும், பல பெட்ரோல் கார்களிலும் டர்போ இருக்கிறது. காம்பட்கி காட் ஏறி முடித்து, டீக்கடையைப் பார்த்ததும் அணைத்துவிடாதீர்கள். இரண்டு நிமிடம் சும்மா ஓடட்டும். அதற்குள் ஃபிளாஸ்கையும் டிபன் பையையும் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.