வீட்டிலுள்ள படத்துக்கு வாயிற்கட்டணம்

வீட்டுக் கணினியில் சேமித்து வைத்திருக்கும் படங்களை வெளியூரிலிருந்து கைபேசியில் பார்ப்பதற்கு 2025 ஏப்ரல் 29 முதல் கட்டணம் உண்டு என்று, அவ்வாறு பார்க்க உதவும் மென்பொருளை வழங்கும் பிளெக்ஸ் நிறுவனம் மார்ச் மாதத்தில் அறிவித்ததிலிருந்து, ஈப்போவிலிருந்தும் சுங்கை சிப்புட், பத்து காஜா, தாப்பா பக்கங்களிலிருந்தும் வாசகர்கள் எழுதும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைப் பலவிதமாகக் கேட்கின்றன. படம் என்னுடையது, கணினி என்னுடையது, இணையத்துக்கு மாதம் தவறாமல் பணம் கட்டுகிறவனும் நானே. அப்படியிருக்க இந்தக் கட்டணம் எதற்கு?

எழுதியவர்களில் அநேகர் சினிமாவை மனத்தில் வைத்து எழுதவில்லை. ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீடமைப்புத் தாமான்களாகியும் போன பிறகு, லயத்து வீடுகளில் நடந்த கல்யாணங்களும் தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதியும் தமிழ்ப் பள்ளியின் விளையாட்டு விழாவும் பழைய வீடியோ கேசட்டுகளில்தான் மிஞ்சியிருக்கின்றன. அவற்றைக் கணினிக்கு மாற்றி, ஈப்போவில் ஒரு தாமான் வீட்டில் பத்திரப்படுத்தி, சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் கைபேசியில் பார்க்கும்படி செய்து வைத்திருக்கும் குடும்பங்களே இன்று கலக்கமுற்றிருக்கின்றன. எந்த நிறுவனத்தின் படக்கிடங்கிலும் இவை கிடைக்கமாட்டா என்பதால் இக்கலக்கம் நியாயமானதே.

அறிவிப்பின் சாரம் இது. வெளியிலிருந்து பார்க்க, கணினிக்குரியவர் பிளெக்ஸ் பாஸ் என்னும் சந்தா வைத்திருக்க வேண்டும். அல்லது பார்ப்பவர் தமக்கென்று தனியாக ஒரு சிறு சந்தா வாங்க வேண்டும். முன்னதன் மாதக் கட்டணம் 4.99 அமெரிக்க டாலரிலிருந்து 6.99 ஆகவும், ஆண்டுக் கட்டணம் 39.99-லிருந்து 69.99 ஆகவும், ஆயுள் சந்தா 119.99-லிருந்து 249.99 ஆகவும் அப்போது உயர்ந்தன. பின்னதற்கு அப்போது அறிவிக்கப்பட்டது மாதம் 1.99, ஆண்டுக்கு 19.99. செலவுகள் பெருகிவிட்டன என்பது நிறுவனம் கூறும் காரணம். எந்தச் செலவு, எதற்கான செலவு என்பதை அறிவிப்பு பிரித்துச் சொல்லவில்லை. பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ‘வெளி’ என்ற சொல்லுக்கு நிறுவனம் கொள்ளும் பொருளைக் கவனிக்க வேண்டும். அது தூரத்தைக் குறிப்பதன்று. கணினி இருக்கும் அதே கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, வைஃபையை அணைத்துவிட்டுக் கைபேசியின் சொந்த டேட்டாவில் பார்த்தாலும் அது வெளியிலிருந்து பார்த்ததாகவே கணக்கிடப்படும். வீட்டு வைஃபைக்குள் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் அது இலவசம்.

இனி, வெளியிலுள்ள கைபேசி வீட்டுக் கணினியை எவ்வாறு கண்டடைகிறது என்னும் விஷயத்துக்கு வருவோம். இணையத்தில் பழைய முறைப்படியுள்ள முகவரிகள் மொத்தம் ஏறத்தாழ 430 கோடியே. ஆசிய பசிபிக் பிரதேசத்துக்கு ஒதுக்கப்பட்ட கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. ஆகவே ஒரு வீட்டிலுள்ள கணினி, கைபேசி, தொலைக்காட்சி யாவும் ரூட்டருக்குக் கிடைத்த ஒரே வெளிமுகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. தோட்டத்துக்கு வரும் கடிதமெல்லாம் ஆபீஸ் கிராணியாரின் மேசைக்கு வந்து சேர, எந்த லயத்திலிருந்து யார் யாருக்கு எழுதினார் என்று தம்முடைய பதிவேட்டைப் பார்த்து, அங்கிருந்து வந்த பதிலை மட்டும் உரியவரிடம் கொடுத்து, முன்பின் தொடர்பில்லாத கடிதத்தை ஒதுக்கிவிடும் ஒரு கிராணியாரைக் கற்பனை செய்துகொண்டால், ரூட்டர் செய்யும் வேலை அதுவே. உள்ளிருந்து முதலில் பேசியவருக்குப் பதில் வரும். வெளியிலிருந்து முதலில் பேச வருபவருக்கு வழியில்லை. கைபேசியின் வேண்டுகோள் முன்னறிவிப்பில்லாத கடிதத்தைப் போன்றது.

இத்தடையைக் கடக்கப் பிளெக்ஸ் கையாளும் உபாயங்கள் இரண்டு. முதலாவதில், வீட்டுக் கணினி ரூட்டரிடம் முன்கூட்டியே ஒரு குறிப்பு எழுதி வைக்கிறது: 32400 என்ற எண்ணைக் கேட்டு யார் வந்தாலும் என்னிடம் அனுப்புக. பிறகு அக்கணினி தன் முகவரியை நிறுவனத்தின் சர்வருக்குத் தெரிவிக்க, கைபேசி அங்கிருந்து முகவரியைப் பெற்று, நேரே வீட்டுக்கு வந்துவிடுகிறது. அதன் பின் ஓடும் படத்தில் ஒரு துளியும் நிறுவனத்தின் யந்திரங்களைத் தொடுவதில்லை; உங்கள் கணினி உழைக்கிறது, உங்கள் இணைப்பு சுமக்கிறது. நிறுவனம் செய்தது அறிமுகமும், கணக்குச் சரிபார்ப்பும், பாதுகாப்புச் சான்றிதழ் வழங்கியதுமே. இவற்றுக்குச் செலவே இல்லை என்று வாதிப்பது தர்மமாகாது. ஆனால் ஒரு மணி நேரப் படத்தைச் சுமப்பதற்காகும் செலவும் ஒரு முகவரியைச் சொல்வதற்காகும் செலவும் ஒன்றல்ல என்பதை மறைத்து, இரண்டையும் ஒரே பெயரால் விற்பது என் அபிப்பிராயத்தில் நேர்மையான வியாபாரமாகாது.

இரண்டாவது உபாயம் முதலாவது பலிக்காத இடத்தில் வருகிறது. முகவரிப் பஞ்சத்தினால் இணைய நிறுவனங்கள் தாமும் ஒரு பெரிய கிராணியாரை வைத்துக்கொண்டு, ஒரே வெளிமுகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடத் தொடங்கியுள்ளன. அப்பொழுது வீட்டு ரூட்டரிடம் குறிப்பு எழுதி வைத்துப் பயனில்லை. மேலேயுள்ளவர் அதைப் படிப்பதில்லை. ரூட்டரின் பக்கத்தில் அதன் வெளிமுகவரி என்று காட்டப்படுவது 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்களில் ஒன்றைக் கொண்டு தொடங்கினால் உங்கள் வீடு இந்நிலையில்தான் உள்ளது. இங்கே வீட்டுக் கணினியும் கைபேசியும் இருவேறு திசைகளிலிருந்து நிறுவனத்தின் சர்வரைச் சென்றடைய, அது இருவருக்கும் நடுவே நின்று படத்தை வாங்கிக் கொடுக்கிறது. இதில் செலவு உண்மையானது. அதனாலேயே வேகத்துக்கு வரம்பும் உண்டு. கணினிக்குரியவரிடம் பிளெக்ஸ் பாஸ் இல்லையென்றால் நொடிக்கு 1 மெகாபிட். இருந்தால் 2 மெகாபிட். ஆயுள் சந்தாவுக்கே பணம் செலுத்திய பிறகும், தெளிவான படத்துக்கு 8 மெகாபிட் வேண்டியிருக்கும் இடத்தில் இரண்டே கிடைக்கும் என்பதை வாங்குவதற்கு முன் அறிந்திருப்பது அவசியம்.

அறிமுகம் செய்பவர் அறிமுகத்தோடு நின்றுவிடுவதில்லை என்பது வேறொரு கவலை. 2022 ஆகஸ்டில் மின்னஞ்சல் முகவரிகளும் பூட்டிய நிலையிலிருந்த கடவுச்சொற்களும் அந்நியர் கைக்குப் போனதாகப் பிளெக்ஸ் தானே அறிவித்தது. 2023 நவம்பரில், இன்னார் இன்ன படம் பார்த்தார் என்ற வாராந்தரக் குறிப்பு அவருடைய நண்பர்களுக்கு மின்னஞ்சலில் சென்றதாகப் பயனர்கள் கொதித்தெழுந்தனர். வீட்டுக்குள்ளேயே இருக்கும் படத்தைப் பற்றிய செய்தி வீட்டுக்கு வெளியே இருப்பதால்தான் இது சாத்தியமாயிற்று.

கடிதங்களில் எஞ்சிய கேள்விகள்.

2025 ஏப்ரல் 29-க்கு முன் ஆயுள் சந்தா வாங்கியது இலாபமா? முதல் உபாயமாகிய நேர்வழி கிடைக்கிற வீடாகவும், பார்ப்பவர் பலராகவும் இருந்தால் அந்தப் பழைய விலை இலாபமே. இரண்டாவது உபாயமாகிய இடைவழியில் மட்டுமே ஓடுகிறதென்றால் இல்லை.

பிள்ளைகள் ஒவ்வொருவரும் வாங்க வேண்டுமா? கணினிக்குரியவர் பிளெக்ஸ் பாஸ் வைத்திருந்தால் வேண்டியதில்லை.

பாட்டும் புகைப்படமும்? இந்தக் கட்டணத்தில் அவை சேரவில்லை.

மாற்று உண்டா? 2018 டிசம்பரில் எம்பி (Emby) என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து தோன்றிய ஜெல்லிஃபின் முற்றிலும் இலவசம், நடுவில் கணக்கும் இல்லை. வழியை மட்டும் டெயில்ஸ்கேல் போன்ற இணைப்பு மென்பொருள் ஒன்றைக் கொண்டு நீங்களே அமைத்துக்கொள்ள வேண்டும்.

சினிமாப் படங்களை இறக்கி உறவினருக்கு ஓடவிடலாமா? 2022 மார்ச் 18 முதல் நடப்பிலுள்ள மலேசியப் பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தின்படி, திருட்டுப் படத்தை இணையவழி ஓடவிடும் சாதனங்களை விற்பதும் வழங்குவதும் 2 இலட்சம் ரிங்கிட் வரை அபராதத்துக்கும் 20 ஆண்டு வரை சிறைக்கும் உரிய குற்றம், விலகியிருங்கள்.

தோட்டப்புறத்தில் 4ஜி உண்டு என்கிறார்கள், படம் நின்று நின்று ஓடுகிறதே? அரசின் இணைய விரிவாக்கத் திட்டமான ஜெண்டெலா 4ஜிக்கு இலக்காக அறிவித்த 96.9 சதவீதம் மக்கள் வாழும் பகுதிகளின் பரப்பைப் பற்றியது. உங்கள் வீட்டுச் சுவருக்குள் அலை எட்டும் என்ற வாக்குறுதி அதில் இல்லை.

டேட்டா எவ்வளவு ஆகும்? 8 மெகாபிட்டில் மணிக்கு 3.6 ஜிபி, 1 மெகாபிட்டில் அரை ஜிபிக்குச் சற்றுக் குறைவு.