எதன் மேல் எத்தனை சதவீதம்?

ஆடி பிறந்தால் தி.நகர் ரங்கநாதன் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. துணிக்கடை வாசலில் '50% + 20% தள்ளுபடி' என்று பலகை தொங்கும். 70% என்று மனக்கணக்குப் போட்டபடி உள்ளே நுழைகிறோம். 1,000 ரூபாய்ப் புடவையில் முதலில் 500 கழியும். அடுத்த 20% மிச்சமுள்ள 500-க்குத்தான், அதாவது 100 ரூபாய். ஆக மொத்தம் 60%தான் தள்ளுபடி. சதவீதம் என்று யார் சொன்னாலும் 'எதன் மேல்?' என்று கேட்டுவிட வேண்டும்.

கணக்குப் போடுவது சுலபம். 840-க்கு 10% என்றால் 84. அதில் பாதி 42, அது 5%. ஓட்டல் பில்லில் வரும் 5% ஜி.எஸ்.டி.யை இப்படியே சரிபார்த்துவிடலாம், போனை எடுக்கவே வேண்டாம்.

நகைக்கடையில்தான் நிதானம் வேண்டும். கணக்குக்கு வசதியாகத் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 8 கிராம் சங்கிலி, 10% சேதாரம். 0.8 கிராமைக் கூட்டி 8.8 கிராமுக்கு விலை போடுவார்கள்: 88,000 ரூபாய். அந்த 0.8 கிராம் நம் கழுத்துக்கு வராது என்பது வேறு விஷயம். இதன் மேல் 3% ஜி.எஸ்.டி. 2,640 ரூபாய். வராத தங்கத்துக்கும் சேர்த்துத்தான் வரி.

இப்போது 'சேதாரத்தில் 20% தள்ளுபடி' என்று விளம்பரம் வருகிறது. குறைவது 8,000 ரூபாயில் 20%, அதாவது 1,600 ரூபாய். 10% சேதாரம் 8% ஆகிறது, அவ்வளவே. பக்கத்துக் கடையில் விளம்பரம் எதுவுமில்லாமல் 7% சேதாரம் போட்டால் அங்கேதான் லாபம். எத்தனை தள்ளுபடி என்று கேட்பதைவிட, கடைசியில் சேதாரம் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள்.

கடனுக்கும் இதே கேள்விதான். ஊரில் 'ரெண்டு வட்டி' என்றால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், வருடத்துக்கு 24%. தவணைக்கடையில் ஒரு லட்சத்துக்கு '12% பிளாட்' என்பார்கள். வருடம் முழுக்க ஒரு லட்சமும் நம் கையில் இருந்ததாக வைத்து 12,000 வட்டி போடுவார்கள். நாமோ மாதாமாதம் அசலையும் சேர்த்து அடைத்துக்கொண்டே வருகிறோம். குறையும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் வங்கிக் கணக்கில் பார்த்தால் இது 21%-க்கும் மேல்.

தண்டல் இன்னும் மோசம். 10,000 ரூபாய்க் கடனில் 1,500-ஐ முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள். தினம் 100 வீதம் 100 நாள் வசூல். '15%தானே' என்று தோன்றும். கைக்கு வந்தது 8,500 என்பதால் அது 17.6%, அதுவும் மூன்றேகால் மாதத்துக்கு. தினமும் அசல் கரைவதையும் சேர்த்தால் வருடக் கணக்கில் 100%-ஐத் தாண்டிவிடும். தமிழ்நாட்டில் 2003-ல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் தண்டலையும் மீட்டர் வட்டியையும் பெயர் சொல்லியே தடை செய்திருக்கிறது. யாராவது நெருக்கினால் தயங்காமல் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.