சுவரோவியத்துக்கு உண்டு, சுவருக்கு இல்லை

புதுதில்லி: கட்டடக்கலைஞரும் ஓவியரும் இணைந்து உருவாக்கிய தேவாலயம் ஒன்றை அதன் உரிமையாளர் இடிக்க முற்பட்டால், தடுக்கும் உரிமை யாருக்கு உண்டு? தில்லி உயர் நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகளைச் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் விடை விசித்திரமானது. ஓவியருக்கு உண்டு, கட்டடக்கலைஞருக்கு இல்லை.

விஞ்ஞான் பவன் முகப்புக் கூடத்தில் சிற்பி அமர்நாத் சேகல் வடித்த 140 அடி நீள வெண்கலச் சுவர்ச்சிற்பம் 1962-இல் இடம்பெற்றது. 1979-இல் கூடம் புதுப்பிக்கப்பட்டபோது அது பெயர்க்கப்பட்டுச் சிதைந்தது. சேகல் நீதிமன்றம் சென்றார். அரசு விலை கொடுத்து வாங்கிய பொருளாயினும் படைப்பாளியின் தார்மிக உரிமை அழிவதில்லை என்று 2005-இல் தீர்ப்பானது. எஞ்சிய துண்டுகளைத் திருப்பித் தரவும் ரூ. 5 லட்சம் இழப்பீடு வழங்கவும் மத்திய அரசுக்கு உத்தரவிடப்பட்டது. படைப்பை அழிப்பது சிதைப்பதன் உச்சம் என்பது நீதிமன்றத்தின் பார்வை.

பிரகதி மைதானத்தில் ராஜ் ரேவல் வடிவமைத்து, பொறியாளர் மகேந்திர ராஜ் கட்டமைப்பை வகுத்த 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்' 1972-இல் திறக்கப்பட்டது. 2017 ஏப்ரலில் இரவோடு இரவாக இடிக்கப்பட்டது. ரேவலும் பதிப்புரிமைச் சட்டத்தின் அதே 57-ஆவது பிரிவையே நம்பினார். 2019-இல் அவரது வழக்கு தள்ளுபடியானது. நிலத்துக்கு உரியவரின் சொத்துரிமையே மேலோங்கும். கட்டடமே இல்லாமற்போன பின் அதைக் கண்டு படைப்பாளியின் புகழைக் குறைத்து மதிப்பிட எவருமில்லை என்றது தீர்ப்பு. இத்தனைக்கும் கட்டடக்கலைப் படைப்பையும் கலைப்படைப்பாகவே அச்சட்டம் வரையறுக்கிறது.

இதன் தாக்கம் தலைநகரோடு நிற்பதன்று. மும்பை தாதரில் உள்ள சல்வசாவ் தேவாலயத்தை 1970-களில் புதிதாக வடிவமைத்தவர் சார்லஸ் கொரியா. கேரளத்தின் பருமலா தேவாலயமும் இவரது வடிவமைப்பே. தாதரில் மேல்நோக்கி எழும் கான்கிரீட் கூடுகளுக்கு வண்ணம் சேர்த்தவர் எம்.எஃப். ஹுசைன். பின்னாளில் வழக்குகளும் மிரட்டல்களும் துரத்த, நாடு துறந்து 2011-இல் லண்டனில் மறைந்த அதே ஹுசைன்தான். கத்தோலிக்க ஆலயத்தில் ஒரு முஸ்லிம் ஓவியரின் கைவண்ணம் என்பது இன்றைய அரசியல் சூழலில் அரிய செய்தி.

புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்டே' விடுதியிலோ, கலை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்லவே இயலாது. ஐதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரி வழியாக வந்த நிதியால் 1930-களில் தொடங்கப்பட்ட பணி அது. பெயர்க் காரணமும் அதுவே. செக் நாட்டில் பிறந்த ஆன்டனின் ரேமண்டு வடிவமைத்தார். பிரான்சுவா சாமரும் ஜார்ஜ் நகாஷிமாவும் களத்தில் நின்று கட்டினர். நகாஷிமா பிற்காலத்தில் மரவேலைக் கலைஞராக உலகப் புகழ் பெற்றவர். கண்ணாடிச் சன்னல்களுக்குப் பதில் காற்றுக்கேற்பத் திருப்பும் பட்டைகள், தேக்கு நகர்கதவுகள், செட்டிநாட்டுப் பூச்சு, ஆசிரமப் பட்டறையிலேயே வார்த்த பித்தளைப் பொருத்திகள். கட்டியவர்களில் ஆசிரம சாதகர்களும் உண்டு. இவற்றில் எதை மட்டும் கலை என்று சட்டம் காக்கும்?

தொல்லியல் சட்டமும் கைகொடுக்காது. 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி நினைவுச்சின்னம் எனப்பட நூறு வயது ஆகவேண்டும். 2010-இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோதும் அந்த வரம்பு மாறவில்லை. விடுதலைக்குப் பிந்தைய இந்தியா கட்டிய எதுவும் இன்னும் அந்த வயதை எட்டவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆவது பிரிவை நாடாளுமன்றம் 2012-இல் திருத்தியது. கட்டடம் இடிக்கப்படுவது குறித்து அப்போது ஒரு சொல்லும் சேர்க்கப்படவில்லை.

இரு தீர்ப்புகளையும் அப்படியே பொருத்தினால், தாதரில் ஓவியம் சிதைக்கப்படும் நிலை வந்தால் ஹுசைனின் வாரிசுகள் நீதிமன்றப் படியேறலாம். ஓவியத்தைத் தாங்கும் கூடு இடிக்கப்பட்டால், 2015-இல் மறைந்த கொரியாவின் வாரிசுகளுக்கு அந்த வழி அடைபட்டே இருக்கும்.